மாட்டுங்கா சாருக்காகப் போன ஏலம்

மகாதேவன் கால் ஒடிந்து மும்பை மாட்டுங்கா வீட்டில் கிடந்ததால், நாணய ஏலத்துக்குத் தாராவி சுடலைக்கண்ணனை அனுப்பியிருந்தார். தோல் பட்டறையில் வேலை பார்க்கும் சுடலைக்கண்ணன், வர முடியாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை ஏலங்களில் விலை கேட்டுக் கொடுப்பவர். மகாதேவன் பல வருஷமாய்த் தேடிய திருவிதாங்கூர் வெள்ளி நாணயம் அன்றைக்கு ஏலத்துக்கு வந்திருந்தது.

"லட்சம் வரைக்கும் போகலாம்னு அவன்கிட்டயே சொல்லிட்டேளே! முழுசையும் தொலைச்சுட்டுத்தான் வருவான், பாருங்கோ" என்றாள் அவர் மனைவி சுப்புலக்ஷ்மி.

"சித்த சும்மா இரேன்டி" என்றாரே தவிர, அவரும் கடிகாரத்தைப் பத்துத் தடவை பார்த்துவிட்டார்.

சாயங்காலம் சுடலைக்கண்ணன் வந்து நாணயத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். "முப்பதாயிரத்துல முடிஞ்சிட்டு சார். ஒரு சேட்டு ஏத்திக்கிட்டே வந்தாரு, பொறவு விட்டுட்டாரு."

மகாதேவன் வாய்விட்டுச் சிரித்தார். "வித்தவன் பாவம்ப்பா! நான் லட்சம் வரைக்கும் வருவேன்னு தெரிஞ்சிருந்தா, ஆள் வெச்சு ஏத்திவிட்டிருப்பான்."

"அவனுக்குத் தெரியும் சார்."

"எப்படித் தெரியும்? உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

சுடலைக்கண்ணன் தலையைச் சொறிந்தார். "நாணயம் என்னுதுதான் சார். எங்கப்பா வச்சிட்டுப் போனது. மவ காலேஜுக்கு ரூவா வேணும்னு ஏலத்துல குடுத்திருந்தேன். பொறவுதான் நீங்க இதையே கேட்டிய."

"அப்போ நீயே ஏத்திவிட்டிருக்கலாமே?"

"இன்னைக்கு நான் உங்களுக்காகல்லா சார் போனேன்."

மகாதேவன் நாணயத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.