கேரட் கிரீம் கம்பெனியில் வேலை

"பெண் ஆள் தேவை" என்று மட்டும்தான் விளம்பரத்தில் போட்டிருந்தது. கொடைக்கானலில் கேரட் முகக்கிரீம் செய்யும் அந்தக் கம்பெனிக்குப் பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள் ராஜகுமாரி. இதுவும் போனால் ஊரில் பூண்டு உரிக்க வேண்டியதுதான்.

"புதுசா எதையாவது பூசினா அரிக்குமாம்மா? தடிச்சிருமா?" என்று கேட்டார் முதலாளி ரெக்ஸ்.

அழகுக்கிரீம் விற்கிறவளுக்கு முகம்தானே முக்கியம்?

"எதைப் போட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க சார்" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

ரெக்ஸ் உதட்டைப் பிதுக்கினார். "அப்ப சரிப்படாதும்மா. போயிட்டு வாங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்கங்க சார், பொய் சொல்லிட்டேன். சோப்பை மாத்தினாலே எனக்கு மூஞ்சி வீங்கிரும்."

ரெக்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நாளைக்கே வெள்ளனே வந்திருங்க."

"கவுண்டர்லயா சார்?"

"இல்லம்மா, லேப்ல. முயலு, எலின்னு வாயில்லா ஜீவனை வதைக்க எங்களுக்கு மனசு வராது. புதுக் கிரீமையெல்லாம் இனிமே உங்களுக்குத்தான் பூசிப் பாக்கணும்."