தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பல்

சோபாவில் மாப்பிள்ளை ஆனந்தரூபனும் அவன் அம்மா சௌந்தரவல்லியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிர் நாற்காலியில் பூங்கோதையின் அப்பா. சமையலறை வாசலருகே முக்காலியில் பூங்கோதை.

ஜாதகம் மூடநம்பிக்கை என்று நாடே திருந்திவிட்டதால், இப்போதெல்லாம் பல்லிடுக்கில் விடும் நூலைத்தான் பார்க்கிறார்கள். இழுத்து எடுத்ததும் நூலே மதிப்பெண் சொல்லும். அதிலேயே ஆளின் ஒழுக்கம், பொறுமை எல்லாம் தெரிந்துவிடுமாம்.

"எம்புள்ளைக்குத் தொண்ணூத்தெட்டுக்குக் கொறைஞ்சதே இல்ல," என்றாள் சௌந்தரவல்லி. "பொண்ணுக்கு அறுபத்தொண்ணு. பரவால்ல, நாங்க பெருசு பண்ணல."

அப்பா கும்பிடே போட்டுவிட்டார். இந்த அறுபத்தொன்றால் ஏற்கெனவே நாலு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவர் படுத்துவிடுவார் என்று பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பஜ்ஜி முடிந்ததும் வழக்கப்படி இருவருக்கும் நூல் வந்தது. பூங்கோதை விரல்களில் சுற்றி, ஈறு வலிக்காமல் பல் பல்லாக இறக்கினாள்; நூல் வழக்கமான அறுபத்தொன்றையே சொன்னது. ஆனந்தரூபன் நூலை அம்மாவிடம் நீட்டிவிட்டு, தலையைச் சாய்த்து ஆவென்று வாயைத் திறந்தான்.

"கிட்ட வந்து பாத்துக்கோம்மா," என்றாள் சௌந்தரவல்லி, நூலை விட்டபடியே. "கல்யாணம் ஆனா நீதானே செய்யணும்? கடவாப்பல்லுல அவனுக்குக் கொஞ்சம் கூசும்."

"தொண்ணூற்றெட்டு" என்றது நூல். கைதட்டப் போன அப்பா, மகளைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

மறுப்பை மட்டும் தாளில் எழுதுவதுதான் இன்னமும் மரியாதை. மறுநாள் பூங்கோதை எழுதினாள்: "மதிப்பிற்குரிய அம்மா, அந்தத் தொண்ணூற்றெட்டும் உங்கள் விரல்கள் வாங்கியது. உங்களைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம்தான், வழக்கத்தில் இல்லையே."

"கொஞ்சம் தணிச்சு எழுதேன்மா," என்றார் அப்பா.

"இதுவே தணிச்சதுதான்ப்பா."

அவர் இன்னொரு முறை படித்தார். பிறகு பசையை எடுத்து உறையைத் தானே ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு தபாலில் சேர்க்கக் கிளம்பினார்.