போர்டில் நாலாவது ஆள்

தங்கச்சி காணாமல் போய் மூன்று நாள். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல், அண்ணன்காரன் ஆபீஸ் பழக்கத்தில் ஆன்லைனில் ஒரு போர்டு போட்டான். தேட வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. பார்த்தவர் அதில் ஒரு வரி எழுதி, ‘பார்த்தாச்சு’ பக்கம் நகர்த்த வேண்டும். அப்பா, மாமா, அவன் என்று மூன்று பேரைச் சேர்த்தான். போர்டு நான்கு பேர் என்று காட்டியது.

பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, தோழி வீடு எல்லாம் நகர்ந்தன. எல்லாவற்றிலும் அதே ‘இல்லை’. மத்தியானத்துக்குள் கார்டுகள் தீர்ந்துபோயின. வேறு வழி தெரியாமல் அவள் அறையையே ஒரு கார்டாகப் போட்டான். மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் அதுவும் ‘பார்த்தாச்சு’ பக்கம் நகர்ந்துவிட்டது.

“யாருப்பா அவ ரூமுக்குப் போனது?”

“நாங்க ரெண்டு பேரும் உன் பக்கத்துலதானேடா நிக்கிறோம்,” என்றார் மாமா.

கார்டைத் திறந்தான்.

‘இங்கயும் நான் இல்லண்ணா. வேற எங்க தேடட்டும்?’