திரும்பக் கேட்ட கடிதம்

“அண்ணே, தப்பு பண்ணிட்டேன்! அந்த மெயில் மொத்தக் கம்பெனிக்கும் போயிடுச்சு. திரும்ப எடுக்க முடியுமா?”

தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவு கிளார்க் போட்ட சத்தத்தில் அலுவலகமே நிமிர்ந்தது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆளாளுக்கு போனை நோண்டிக்கொண்டிருந்த நேரம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று இருப்பவள் அவள். அவள் கத்தி அந்த ஹாலில் யாரும் கேட்டதே இல்லை.

கடைசி மேஜையிலிருந்த கம்ப்யூட்டர்காரர் இருந்த இடத்திலிருந்தே கையமர்த்தினார்.

“பதறாதே தங்கச்சி. அதுக்குத்தான் ரீகால்னு ஒண்ணு இருக்கு. எத்தனை பேர் திறந்திருக்காங்க, பாரு.”

“இருநூத்திப் பன்னிரண்டு பேருக்குப் போயிருக்கு. ஒருத்தரும் திறக்கலண்ணே.”

“புண்ணியம் பண்ணியிருக்கே. ரீகாலைத் தட்டு. ‘அனுப்பியவர் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறார்’னு எல்லாருக்கும் ஒரு தகவல் போகும். பத்து நிமிஷத்துல, திறக்காததெல்லாம் தானா அழிஞ்சிடும்.”

“திறந்துட்டா?”

“திறந்தது திறந்ததுதான். அதை ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது.”

மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், சந்தேகமே இல்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். சுவர்க் கடிகாரம் ஒன்று முப்பத்தைந்து காட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ரீகாலைத் தட்டினாள்.

ஹால் முழுக்க போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின.

“என்னத்தைத் திரும்பக் கேக்கறா இவ?” என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

“காதல் கடிதமா இருக்குமோ?” என்று டைப்பிஸ்ட் கண்ணடித்தாள். “அழியறதுக்குள்ள பாருங்க சார்!”

திரையில் திறந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்பதானது. ஒன்பது முப்பதானது. அவள் நகத்தைக் கடித்தபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யோவ், இதைக் கேளுங்கய்யா!” ஸ்டோர்ஸ்காரரின் குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது. “ரெண்டாம் நம்பர் பாய்லரோட சேப்டி வால்வு இறுகிப் போய்க் கிடக்காம். நீராவி ஏறினா வெளியேற வழியில்லையாம். மாத்தாம பத்த வெச்சா வெடிக்கும்னு எழுதியிருக்கு!”

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சுத்தம் செய்வதற்காக ஒரு வாரமாக அணைத்து வைத்திருந்த அந்த பாய்லரை இரண்டு மணிக்குப் பற்ற வைக்கப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“அண்ணே,” அவள் கம்ப்யூட்டர்காரர் பக்கம் திரும்பினாள். “பாய்லர் ஆளுங்க திறந்துட்டாங்களான்னு எப்படிப் பாக்கறது?”

“கீழ பேர் வரிசை இருக்கும், பாரு.”

பாய்லர் ஷிப்டில் ஏழு பேர். ஏழு பேருக்கும் நேரே ‘திறக்கவில்லை’ என்றிருந்தது.

“ஒருத்தரும் திறக்கலண்ணே.”

“அப்போ தப்பிச்சே, போ. இன்னும் நாலே நிமிஷம்தான்.”

அதற்குள் மேனேஜர் அறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது.

“யாரும்மா உன்னை இதையெல்லாம் எழுதச் சொன்னது? வால்வை அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு நான் சொன்னேனா, இல்லையா?”

“ரீகால் போட்டுட்டேன் சார்...”

“பாய்லர் ஆளுங்க பாத்துட்டாங்களா?”

“இல்ல சார். இன்னும் மூணு நிமிஷம் இருக்கு.”

மேனேஜர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். இருவரும் அந்த ஏழு பெயர்களையே வெறித்தார்கள். மேனேஜருக்கு நெற்றி வியர்த்து வழிந்தது. அவளுக்கோ மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது.

முதல் பெயருக்கு நேரே ‘திறந்தார்’ என்று மாறியது. அடுத்து இன்னொன்று. பிறகு மளமளவென்று ஏழும் மாறிவிட்டன.

அவள் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

மேனேஜரின் போன் அலறியது. பேசியவர் பாய்லர் ஷிப்டின் மூத்த ஆள். அவர் போட்ட சத்தம் ஹாலுக்கே கேட்டது.

“சார், படிச்சோம்! நாங்க ஏழு பேரும் வெளிய வந்துட்டோம். புது வால்வு வர்ற வரைக்கும் ஒருத்தனும் உள்ள கால் வைக்க மாட்டோம்!”

மேனேஜர் போனை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“உன் கைத்தவறுல என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே! நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே!”

அவர் போன பிறகு கம்ப்யூட்டர்காரர் மெல்ல எழுந்து வந்தார். “அழாதே தங்கச்சி. கை தவறாத மனுஷன் யாரு?” என்றபடி திரையை எட்டிப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

“என்னம்மா இது? இன்னிக்கு அனுப்பினது இல்லையா? திங்கட்கிழமை தேதி போட்டிருக்கு!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமாண்ணே. வாயால சொன்னேன், புரளின்னாங்க. எழுதி அனுப்பினேன், நாலு நாளா ஒருத்தரும் திறக்கல. தப்பா அனுப்பிட்டேன், திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். பத்தே நிமிஷத்துல படிச்சுட்டாங்க.”