அக்காவின் ஃபோல்டர்

லைப்ரரி கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு, இவள் எழுதிய மென்பொருள் திறக்காமல் நிற்கிறது. இன்று இதை ஓட்டிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். வாடிக்கையாளர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார்கள். ஜன்னல் வெயில் திரையில் கூச, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மென்பொருள் ஓடத் தேவையான அந்த லைப்ரரிக் கோப்புகளைக் கணினி தேடிப்போகும் பாதையைப் படிக்கிறாள். அது பக்கத்து மேசை அக்காவின் ஃபோல்டருக்குப் போகிறது. இவள் கணினியில் லினக்ஸ் ஏற்றிய அன்று, “லைப்ரரிக்கு ரெண்டு காப்பி எதுக்குடி? பாதையில என்னோடதையே காட்டிடு” என்று தோளில் கைபோட்டுச் சொன்னவள் அந்த அக்காதான். இப்போது அந்த ஃபோல்டர் பூட்டிக் கிடக்கிறது. “பூட்டிட்டீங்களாக்கா?” “நேத்துதான். நீ இன்னும் என் தயவுலயா ஓட்டிட்டிருக்கே?” அக்கா சிரித்தபடி மேனேஜர் பக்கம் திரும்புகிறாள். “சார், இந்த புரோகிராம் என்கிட்டயும் இருக்கு. நானே காட்டிடறேன்.” “யாராவது காட்டுங்கம்மா, மானம் போகுது.” புரொஜெக்டர் வயர் மேசை மாறுகிறது. அக்கா “நாங்க செஞ்சது” என்று தொடங்கி, இரண்டாவது வாக்கியத்திலேயே “நான் செஞ்சது” என்கிறாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு லைப்ரரியைத் தன் ஃபோல்டரிலேயே இறக்கி, பாதையிலிருந்து அக்காவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்துத் தன் பெயரை அடிக்கிறாள். மென்பொருள் பளிச்சென்று திறக்கிறது. எல்லோரும் இவளுக்கு முதுகைக் காட்டியபடி, சுவரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.