ஒன்றும் இல்லாதவள்

பூங்கனி சாட்சிக் கூண்டில் ஏறி வேதப்புத்தகத்தில் கை வைத்தாள். துணைக்கு வந்த நான் பின்பெஞ்சில் இருந்தேன்.

அவள் புருஷன் ஞானையன் செத்துப் பதினோரு மாதம். அருமனையில் அவன் வாங்கிப்போட்ட தென்னந்தோப்பைக் கொழுந்தன் ஜான்ரோஸ் வேலி கட்டி வளைத்துக்கொண்டான். வழக்குப் போடலாம் என்றால் கோர்ட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இவளோ இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றவே திண்டாடுகிறவள்.

ஏழை என்று கோர்ட் ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லாமலே வழக்கு நடத்தலாம். பாப்பர் மனு என்று அதற்குப் பெயர். இன்று அதற்குத்தான் விசாரணை.

கோர்ட் சங்கதி எனக்குத் தெரியாததா? என் அப்பா பாதி ஆயுளைக் கோர்ட் வராந்தாவில் கழித்தவர். கோழி வளர்க்கிறேன் என்று வாய்தவறிச் சொன்னவளின் மனுவையே தள்ளிவிட்டார்கள் என்பார். அதனால் நடந்து வந்த ஆறு மைலும் பூங்கனிக்கு ஒரே பாடம்தான்.

"ஏட்டி, என்ன கேட்டாலும் இல்லேன்னே சொல்லு. யோசிக்கப்பிடாது."

வாசலில் ஜான்ரோஸ் எங்களைப் பார்த்துச் சிரித்தான். மதினிக்குக் காப்பி வாங்கித் தரட்டுமா என்று கேட்டான். ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவன். எனக்கு அது பிடிக்கவில்லை.

அவனுடைய வக்கீல் எழுந்தார். மிரட்டுவார், இவளை அழவைப்பார் என்று பயந்திருந்தேன். அவரோ பெற்ற மகளிடம் பேசுவதுபோலக் கேட்டார். நகை உண்டா? இல்லை. மாடு? இல்லை. பிறந்த வீட்டு வழியில் நிலம்? இல்லை.

இந்த ஆளுக்கு எதற்கு இத்தனை அன்பு?

"புருஷன் வழியில உனக்குச் சொத்து ஏதாவது உண்டா அம்மா?"

பூங்கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சனியன் பிடித்த நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

இல்லை என்றாள்.

முன்சீப் பேனாவை நிறுத்தினார். நன்றாக யோசித்துச் சொல், ஒன்றுமே இல்லையா என்று மறுபடி கேட்டார். பூங்கனி இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. இல்லவே இல்லை என்று உரக்கச் சொன்னாள்.

எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் இல்லை என்றார் வக்கீல். மனு அனுமதிக்கப்பட்டது. மிஷன் பள்ளியில் படித்தவள் அல்லவா, வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்காமல் முழுப்பெயரையும் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அப்போது அந்த வக்கீல், அவள் வாக்குமூலத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்று கேட்டார்.

வராந்தாவில் கோர்ட் குமாஸ்தாவை மறித்து, நகல் எதற்கு என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வழக்கில் கேட்கிற தோப்பை ஏழ்மைக் கணக்கில் சேர்ப்பதே கிடையாது, உண்டு என்றே சொல்லியிருக்கலாம் என்றார். புருஷன் வழியில் சொத்தில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டவள் இனி எந்தத் தோப்பைக் கேட்பாள் என்றார்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். ஜான்ரோஸ் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

பூங்கனி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

"நீ மட்டும் சொல்லித் தரலேன்னா நான் என்னத்தையாவது உளறியிருப்பேன் ராகேலு."