ஆமென் சொல்லும் வரை

"கதவுக்கு எண்ணெய் போட இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுதா அத்தை?"

மாமியார் கீலில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, கதவை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் கிறீச்சிட்ட கதவு அது. மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. இன்று காலை போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆட்களை ஏற்றிப்போகும் வேன் தெருமுனைக்கு வரும். இரண்டு முறை ஹாரன் அடிக்கும். அதற்குமேல் யாருக்காகவும் நிற்காது.

மாமனாருக்கு இதில் இஷ்டமில்லை. நேரம் கர்த்தர் கொடுத்தது. முதலில் அவருக்கு, அடுத்து குடும்பத்துக்கு, மிச்சமிருந்தால்தான் மற்றதெல்லாம் என்பார். கிறிஸ்தவப் பெண் நேரத்தை வீணாக்கலாமா என்று கேட்பார். செய்தித்தாளை வரி விளம்பரம்வரை படித்துவிட்டுத்தான் கேட்பார். மிச்சம் என்று ஒன்றை அவள் இந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

இன்றைக்கு மூத்த மகனையும் வரவழைத்திருந்தார்.

"ஜெபம் முடியட்டும். உக்காந்து பேசுவோம்" என்றார்.

இந்த வீட்டில் உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோதும் உட்கார்ந்துதான் பேசினார்கள்.

கணவனைப் பார்த்தாள். "அப்பாகிட்ட நான் எடுத்துச் சொல்றேன்" என்று முணுமுணுத்தான். கல்யாணமான நாளிலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான்.

இதற்கு நடுவில் மாமியாரின் நச்சரிப்பு வேறு. வாசலில் கிடந்த செருப்பைக் கொண்டுபோய் கேட்டுக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். மடியில் சான்றிதழ்ப் பையோடு உட்கார்ந்தவளிடம், "ஜெபம் பண்ற எடத்துல என்ன பை?" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கேட்டால் பிரசங்கம் நீளும் என்று மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வழக்கமாக மாமனார்தான் ஜெபிப்பார்.

"பெரியவன் வந்திருக்கான். இன்னைக்கு நான் பண்றேனே" என்றாள் மாமியார். மகன் வந்த மகிழ்ச்சியில் அவரும் சரி என்றார்.

ஜெபம் தொடங்கினால் அந்த வீட்டில் ஆமென் சொல்லும் வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. ஆண்கள் மூவரும் முழங்கால் போட்டு, நாற்காலிகளில் முகம் புதைத்துக்கொண்டார்கள். மூட்டு வலிக்காரியான மாமியார் மட்டும் மருமகள் பக்கத்தில் பாயில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

இரவெல்லாம் காத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கினாள். பிறகு சொந்தக்காரர்களை வரிசையாக எடுத்தாள். பேசாமல் போன சொந்தங்களையும் விடவில்லை. அப்புறம் வண்டி ஓட்டுகிறவர்கள், கப்பலில் போகிறவர்கள், சிறையில் இருப்பவர்கள். இத்தோடு முடிப்பாள் என்று பார்த்தால் நாடுகளுக்குப் போய்விட்டாள். அந்த நாடுகளின் தலைவர்களுக்கு நல்ல புத்தி வேண்டும் என்று கேட்டாள். இங்கே ஒரு வீட்டுக்கே அது கிடைக்கவில்லையே என்று மருமகளுக்குக் கொதித்தது.

தெருமுனையில் ஹாரன் அடித்தது.

மாமியார் குரலை உயர்த்தினாள். ஹாரன் சத்தமே அமுங்கிப்போகும்படி அடுத்த நாட்டுக்குத் தாவினாள். வேண்டுமென்றே இழுக்கிறாள். படித்தவள் வேலைக்குப் போவது இவளுக்கும் பொறுக்கவில்லை. மருமகளின் மூடிய கண்களுக்குள் நீர் முட்டியது.

முழங்காலில் ஏதோ இடித்தது. மறுபடியும் இடித்தது. மாமியாரின் கால் கட்டைவிரல்.

ஜெபத்திலும் நிம்மதி இல்லையா என்று முறைக்கக் கண்ணைத் திறந்தாள்.

மாமியாரின் இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன.

"நீர் குடுத்த நேரத்த இந்த வீட்டுல யாரும் வீணாக்கக் கூடாது தகப்பனே" என்று உரக்கச் சொல்லியபடி, மோவாயால் வாசலைக் காட்டினாள். ஒருக்களித்திருந்த கதவின் இடுக்கு வழியே தெரிந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த செருப்புக்கு மேலே, மதில்மேல் சான்றிதழ்ப் பை உட்கார்ந்திருந்தது.

எண்ணெய் குடித்த கதவு சத்தமே போடவில்லை.

இரண்டாவது ஹாரனுக்கு அவள் வேனில் ஏறி உட்கார்ந்தபோதும் அத்தையின் குரல் தெருமுனைவரை கேட்டது. நாடுகளை முடித்துவிட்டு, தீவுகளை ஒவ்வொன்றாக எடுத்திருந்தாள்.